வெளிச்சம் பாய்ச்சிய பெண்கள்



கடந்த நவம்பரில் போர் நினைவுநாளையொட்டி நான் பேசியதைக் கேட்ட அம்மா ஒருவர், நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, ஆம்பிளையளைப் பற்றி மட்டும் கதைச்சிட்டுப் போறியள். இந்த நாட்டுப் பொம்பிளையள் அந்த நேரம் என்ன செய்தவை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தேடியபோது அகப்பட்டதுதான் பிரித்தானிய அரச பீரங்கிப்படையின் 93ஆவது தேடொளி றெஜிமென்ற்.

இரவில் வெளிச்சம் மேலிருந்து கீழே வந்தால் என்ன அர்த்தம் என்று பங்கருக்குள் இருந்து பழகியவர்கள் நாங்கள். இது கீழிருந்து மேலே போகும் வெளிச்சம். இரண்டு கரிக்கோல்களுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து உண்டாகும் பேரொளியை, 90 அல்லது 150 சென்ரிமீற்றர் அகலமான கண்ணாடி ஒற்றைக் கற்றையாக்கி வானத்துக்கு அனுப்பும். எதிரி விமானம் அதற்குள் சிக்கினால் பீரங்கிக்காரருக்கும் இரவுச் சண்டை விமானிகளுக்கும் இலக்குத் தெரியும். வழிதவறித் திரும்பும் சொந்த விமானங்களுக்கு வழிகாட்டியதும் இதே விளக்குகள்தான்.

1941 அளவில் இந்த வேலைக்கு ஆண்கள் போதவில்லை. விமான எதிர்ப்புப் படைக்குப் பொறுப்பாக இருந்த ஜெனரல் சேர் பிரெட்றிக் பைல், ஏ.ரி.எஸ். எனப்பட்ட பெண்கள் துணைப்படையிலிருந்து ஆட்களை எடுக்க முன்நின்றார். பீரங்கி நிலைகளில் அது ஓரளவு இலகு. அங்கே ஆட்கள் அதிகம். பெண்களுக்குத் தனி விடுதி, மேற்பார்வை எல்லாம் வைக்கலாம். தேடொளி நிலையோ ஊருக்கு வெளியே, வயல்வெளியில், பத்துப் பன்னிரண்டு பேருடன் தனித்துக் கிடப்பது. ஆணையும் பெண்ணையும் அங்கே ஒன்றாக விட்டால் ஊர் என்ன சொல்லும்? (எங்கள் ஊர் மட்டும்தான் இப்படி யோசிக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.) ஆகவே முழுக்கப் பெண்களையே நிறுத்தினால் என்ன என்று யோசித்தார்கள். அதிலும் பயம். குளிர், கும்மிருட்டு, தனிமை. போதாததற்கு ஒளிக்கற்றை வழியே இறங்கிவந்து சுடும் விமானம். தாங்குவார்களா?

1941 ஏப்ரலில் நியூவார்க் என்ற இடத்தில் 54 பெண்களை வைத்து இரகசியமாகச் சோதித்தார்கள். தாங்கினார்கள். 1942இல் 93ஆவது றெஜிமென்ற் உருவானது. 1943இல் அதில் சுமார் 1,500 பெண்கள் இருந்தனர்.

ஆனாலும் விதிப்படி அவர்கள் ஆயுதம் இயக்கக்கூடாது. விமானத்தைக் கண்டுபிடிக்கலாம், வெளிச்சத்துக்குள் பிடித்து வைத்திருக்கலாம். அது தங்களை நோக்கித் திரும்பினால் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அது ஆணின் வேலை.

நான் கணக்காளன், சம்பளத்தைப் பார்க்காமல் விடமாட்டேன். போர் தொடங்கியபோது சாதாரண ஆண் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 2 சிலிங். ஏ.ரி.எஸ். பெண்ணுக்கு 1 சிலிங் 4 பென்ஸ். அன்று 12 பென்ஸ் ஒரு சிலிங்; ஆக 24க்கு 16, சரியாக மூன்றில் இரண்டு பங்கு. தேடொளி நிலையில் ஆண்கள் செய்த அதே வேலையைப் பெண்கள் எடுத்தபோதும் இதே விகிதம்தான்.

தொலைபேசி எடுத்த அம்மாவுக்கு ஒன்று சொல்லவேண்டும். லண்டன் வைற்ஹோல் வீதியில், போர் நினைவுத்தூணுக்குக் கிட்டவே, இரண்டாம் உலகப்போர்க்காலப் பெண்களுக்கு ஒரு வெண்கல நினைவுச்சின்னம் இருக்கிறது. 2005 ஜூலையில் எலிசபெத் மகாராணியார் திறந்துவைத்தது. அதில் ஒரு பெண்ணின் உருவம்கூட இல்லை. கொளுக்கிகளில் மாட்டிவிட்டுப் போனதுபோல 17 உடுப்புகள் மட்டும் தொங்குகின்றன. அந்தப் பக்கம் போனால் பேரப்பிள்ளைகளையும் கூட்டிச்சென்று காட்டுங்கள்.