இரத்தம் எடுப்போர் அறிய வேண்டுவன

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டது பிளாஸ்மா என்னும் மஞ்சள் நீர். எஞ்சியவை பெரும்பாலும் சிவப்பணுக்கள். இவை பாடநூலில் உள்ளனவே. இரத்தம் எடுக்கப் பயிலும் மாணவர் மற்றொன்றையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். உடலை விட்டு வெளியேறிய கணமே இரத்தம் மாறத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடம் காண்பது நோயாளியின் இரத்தத்தையா, நாம் கெடுத்துக் கொடுத்த இரத்தத்தையா என்பது எடுப்பவரின் கையில் இருக்கிறது.

வழக்கமாக ஊசி செலுத்துவது முழங்கையின் உட்பக்கத்தில் தோலுக்கடியில் தெரியும் சிரையில். ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று மருத்துவமனையில் சொல்லக் கேட்கிறோம். பேச்சில் அது போகட்டும். உண்மையான நரம்பும் தமனியும் அவ்விடத்திலேயே சற்று ஆழத்தில் செல்லுகின்றன என்பதை மாணவர் மறத்தலாகாது. மேற்கையில் கட்டிய பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்திவிட வேண்டும். தாமதித்தால் நீர்ப்பகுதி கசிந்து, புரதத்தின் அளவு உள்ளதைவிட மிகுந்து தோன்றும்.

ஊதா மூடியுள்ள குழாயில் எடிடிஏ என்னும் பொருள் இருக்கிறது. கால்சியத்தைப் பற்றிக்கொண்டு உறைதலைத் தடுப்பது அது. பெரும்பாலும் பொட்டாசியம் உப்பாகவே அது சேர்க்கப்படுகிறது. அக்குழாயிலிருந்து சிறிதளவு வேறு குழாயிற் கலந்தாலும் பொட்டாசியம் கூடியும் கால்சியம் குறைந்தும் காட்டும். இல்லாத நோய்க்குச் சிகிச்சை தொடங்கிவிடும். நீல மூடி முதலில், வெறுங்குழாய் அடுத்து, ஊதா அதற்குப் பின் என்ற வரிசை இதன்பொருட்டே. குழாயைக் குலுக்கலாகாது; மெல்லத் தலைகீழாகத் திருப்பினால் போதும்.

1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளியிட்டார். 1952-இல் பம்பாயில் புதியதொரு வகை கண்டறியப்பட்டது. சாதாரணச் சோதனையில் ‘ஓ’ போலத் தோன்றும் அவ்வகையினருக்கு ‘ஓ’ இரத்தமும் ஆகாது. இத்தகைய நுண்மையெல்லாம் குழாயின் மேல் பெயர் மாறினால் வீணே. பொருந்தா இரத்தம் ஏற்றப்பட்டு உயிரே போகலாம்.

ஆதலின், ‘நீங்கள் முருகேசன் தானே?’ என்று கேட்கலாகாது. அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையசைப்பார். ‘தங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டு, அவர் சொன்னதைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். பிறந்த தேதியோ பதிவு எண்ணோ உடன் பார்க்க வேண்டும். இரத்தம் எடுத்தபின், கட்டிலருகிலேயே பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும். சீட்டில்லாத குழாய் மேசையிற் கிடந்தால், யாருடையது என்று ஊகிக்க வேண்டாம். மீண்டும் எடுக்க வேண்டியதுதான். நோயாளி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.