பெண்கள் டிக்கெட்டும் டீசல் புகையும்

மல்லிகைப் பூவால் பெயர் பெற்ற ஊர் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்பது அதன் பழைய பெயர். திருக்கச்சி நம்பிகள் என்ற வைணவப் பெரியார் பிறந்த ஊர் இது. அவர் இங்கிருந்து பூ எடுத்துக் கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போவார் என்று பரம்பரையாகச் சொல்வார்கள். அவருக்குப் பஸ் செலவும் கிடையாது. டீசல் புகையும் கிடையாது!

இன்று பூந்தமல்லிப் பெண்கள் காஞ்சிபுரம் பக்கம் நடப்பதில்லை. போரூர், வடபழனி, கோயம்பேடு, தாம்பரம் என்று நாலு பக்கமும் வேலைக்குப் போகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கடையில் நிற்கிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்கிறவர்கள் உண்டு. காலையில் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் போதும். கையில் சாப்பாட்டுப் பை, கண் சாலையின் கோடியில். பஸ் வருகிறதா? வந்தாலும் எந்த பஸ்?

இந்தக் கேள்விக்குள்ளே டில்லி அரசியல் இருக்கிறது. சென்னை அரசியல் இருக்கிறது. உலகம் சூடாகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்களே, அந்தக் கதையும் இருக்கிறது. அது எப்படி?

முதல் நாள் கையெழுத்து

2021-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி மு.க. ஸ்டாலின் தமிழ்நாட்டின் முதல்-அமைச்சராகப் பதவி ஏற்றார். அன்றே ஐந்து உத்தரவுகளில் கையெழுத்திட்டார். அவற்றில் ஒன்று, சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்கள் டிக்கெட் வாங்காமல் போகலாம் என்பது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே சலுகை கிடைத்தது. திட்டத்துக்கு "விடியல் பயணம்" என்று பெயர் வந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 2018 ஜனவரியில், பஸ் கட்டணம் ஏறியிருந்தது. மாநகர பஸ்சில் 3 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 5 ரூபாய் ஆயிற்று. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த இரண்டு ரூபாய் சின்னத் தொகை அல்ல. போக நான்கு, வர நான்கு என்று தினம் எட்டு ரூபாயாவது கூடுதலாகப் போகும். மாதம் முடிவில் கணக்குப் பார்த்தால் ஒரு சிலிண்டரின் விலையில் ஒரு பங்கு அங்கே போயிருக்கும்.

டிக்கெட் இல்லை என்றதும் என்ன நடந்தது? 2022 மார்ச்சில் சட்டசபையில் வைத்த பட்ஜெட்டில் அதற்கு விடை வந்தது. இந்த பஸ்களில் ஏறுகிறவர்களில் பெண்களின் பங்கு முன்பு நூற்றுக்கு 40. அது 61 ஆக உயர்ந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது.

பஸ் கம்பெனி நஷ்டப்பட வேண்டியதில்லை. அரசாங்கம் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. முதல் ஆண்டில் 1,200 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் அது 3,600 கோடி ரூபாய் ஆயிற்று.

இலவசமா, எரிபொருளா?

இதைச் சிலர் ஓட்டுக்காகக் கொடுத்த இலவசம் என்றார்கள். சிலர் பெண் விடுதலை என்றார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இது எரிபொருள் சங்கதி என்று சொன்னவர்கள் குறைவு.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியே வருகிறது. 'ஒரு லிட்டரின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு. அதிலிருந்து இரண்டரைக் கிலோ எப்படி வரும்?' என்று கேட்கலாம். டீசலில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராண வாயுவோடு சேருகிறது. அதனால்தான் எடை கூடுகிறது. அந்த வாயு வானத்தில் போர்வை மாதிரி நின்று வெயிலின் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

ஒரு பஸ் ஐம்பது அறுபது பேரைச் சுமக்கிறது. அந்த ஐம்பது பேரும் ஷேர் ஆட்டோவிலும் ஸ்கூட்டரிலும் போனால் எவ்வளவு எண்ணெய் எரியும்? ஆகவே, பஸ்சில் ஆள் கூடினால் ஆளுக்கு எரியும் எண்ணெய் குறைகிறது. 'இதுவரை நடந்தே போனவர்களும் பஸ் ஏறியிருப்பார்களே' என்றால், ஏறியிருப்பார்கள்தான். அவர்களால் எண்ணெய் மிச்சமாகவில்லை, கால் மிச்சமாயிற்று. அதைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அடுப்பங்கரையிலிருந்து வந்த வழி

தமிழ்நாட்டில் இது புதிய பழக்கம் அல்ல. பெண்களின் ஓட்டைத் தேடிப் போன கட்சிகள், தெரிந்தோ தெரியாமலோ, வீட்டின் எரிபொருளை மாற்றியிருக்கின்றன. 2006-இல் ஆட்சிக்கு வந்த மு. கருணாநிதி அரசு, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்புக் கொடுத்தது. விறகுப் புகையில் கண் கசக்கிய பெண்களுக்கு அது பெரிய மாற்றம். 2011-இல் ஜெயலலிதா அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஆட்டுக்கல் மூலைக்குப் போயிற்று. கையால் செய்த வேலை மின்சாரத்துக்கு மாறிற்று. 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அவரே உத்தரவிட்டார்.

அதே 2016 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டு வந்தது. அதன் பெயர் உஜ்வலா. ஏழை வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே காஸ் இணைப்பு. பிரதமர் நரேந்திர மோடி அதை உத்தரப் பிரதேசத்தில் உள்ள பல்லியா நகரில் தொடங்கி வைத்தார். அடுப்பு பெண்ணுடையது என்பதில் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே அபிப்பிராயம். அடுப்புக்கு யார் பெயர் வைப்பது என்பதில்தான் சண்டை!

மோடியும் ஸ்டாலினும்

பஸ் விஷயத்தில் சண்டை வெளிப்படையாகவே வந்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் நேரம். பெண்களுக்கு இலவச பஸ் விட்டால் மெட்ரோ ரெயிலுக்கு ஆள் வராது, பிறகு யார் மெட்ரோ கட்டுவார்கள் என்ற கருத்தில் பிரதமர் மோடி ஒரு பேட்டியில் பேசினார். ஸ்டாலின் உடனே மறுத்தார். சென்னை மெட்ரோவில் 2019-இல் 3 கோடியே 28 லட்சம் பயணங்கள். 2023-இல் 9 கோடியே 11 லட்சம். இலவச பஸ்சுக்குப் பிறகு கூட்டம் கூடித்தான் இருக்கிறது என்றார்.

கணக்கு சரிதான். ஆனால் இடையில் 2021-இல் மெட்ரோப் பாதை விம்கோ நகர் வரை நீண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதை நீண்டால் ஆள் கூடுவது இயற்கை. எப்படியானாலும், பஸ் மெட்ரோவை விழுங்கிவிடவில்லை.

இதற்குள் மற்ற மாநிலங்களுக்கும் இது பரவிவிட்டது. டில்லி 2019-லேயே தொடங்கியது. பஞ்சாப் 2021-இல், கர்நாடகமும் தெலங்கானாவும் 2023-இல், ஆந்திரம் 2025 சுதந்திர தினத்தில் கொடுத்தன. ஆட்சியில் இருந்த கட்சிகள் வேறு வேறு. வாக்குறுதி ஒன்றே.

பூந்தமல்லிக்கு வரும் ரெயில்

இந்தச் சண்டை பூந்தமல்லிக்கு மிக அருகில் நடக்கிறது. ஏனென்றால் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ஒரு பாதை, கடற்கரைக் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர் வருகிறது.

2020 நவம்பரில் மத்திய உள்துறை மந்திரி அமித் ஷா இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். மொத்தம் 118.9 கிலோமீட்டர், செலவு 63,246 கோடி ரூபாய். 2021 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமனும் இதைச் சொன்னார். ஆனால் மத்திய அரசின் முறையான ஒப்புதல் மட்டும் வரவில்லை. மாநில அரசு தன் பணத்தையும் வெளிநாட்டுக் கடனையும் வைத்து வேலையை நடத்திற்று. கேட்கும் போதெல்லாம் டில்லி ஒரு காரணம் சொல்லும். சென்னை ஓர் அறிக்கை விடும். 2024 செப்டம்பரில் ஸ்டாலின் பிரதமரை நேரில் பார்த்துக் கேட்டார். அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. அடிக்கல்லுக்கும் ஒப்புதலுக்கும் நடுவே ஏறக்குறைய நான்கு ஆண்டு!

2025 மார்ச் 20-ஆம் தேதி பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை, டிரைவர் இல்லாமல் ஓடும்படி செய்த ரெயிலை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஊரே அண்ணாந்து பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் மெட்ரோவில் குறைந்த டிக்கெட் 10 ரூபாய். அதில் பெண்களுக்கு இலவசம் இல்லை.

சத்தம் போடாத பஸ்

ரெயில் மேலே வர, கீழே பஸ்சும் மாறியது. உலக வங்கியின் உதவியோடு மாநகர் போக்குவரத்துக் கழகம் 625 மின்சார பஸ்களுக்கு ஏற்பாடு செய்தது. 2025 ஜூன் மாதக் கடைசியில் வியாசர்பாடிப் பணிமனையில் 120 பஸ்கள் முதலில் வந்தன. ஆகஸ்டில் பெரும்பாக்கம். டிசம்பரில் பூந்தமல்லிப் பணிமனைக்கு 125 பஸ்கள். குளிர்சாதன வசதி உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. தளம் தாழ்வாக இருப்பதால், புடவை கட்டியவரும் மூட்டு வலிக்காரரும் சிரமமில்லாமல் ஏறலாம். பின்னால் புகை கிடையாது. இந்த பஸ்களைத் தனியார் கம்பெனி வாங்கி ஓட்டும். கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும். டிரைவர் கம்பெனி ஆள். கண்டக்டர் கழகத்தின் ஆள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இலவசம் சாதாரணக் கட்டண பஸ்சுக்கு மட்டுமே. குளிர்சாதன பஸ்சில் பெண்ணும் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். ஆக, எத்தனை பஸ் சாதாரண பஸ், எத்தனை குளிர்சாதன பஸ் என்று பணிமனையில் முடிவு செய்கிறார்களே, அதுதான் ஏழைப் பெண்ணுக்குச் சட்டம். முதல்-அமைச்சர் போட்ட உத்தரவை, காகிதத்தைத் தொடாமலே, அங்கே கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும்.

2023-இல் சென்னை மாநகராட்சி தட்பவெப்பத்துக்கென்று ஒரு செயல் திட்டம் வெளியிட்டது. 2050-க்குள் நகரம் வெளியிடும் கரியமில வாயுவையும் உறிஞ்சுவதையும் சமமாக்குவது என்பது இலட்சியம். நல்ல திட்டம். ஆனால் அது மாநகராட்சி எல்லைக்கான திட்டம். அப்போது பூந்தமல்லி அந்த எல்லைக்குள் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் தனி நகராட்சி. கோடு போட்டால் புகை அங்கேயே நின்றுவிடுமா? பூந்தமல்லியில் ஏறும் பெண் எல்லைக் கோட்டைத் தினம் இரண்டு தடவை கடக்கிறாள்.

சாம்பல் யார் தலையில்?

மின்சார பஸ்சுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் காற்றாலையிலிருந்து. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றில் அவை சுழல்வதைப் பார்த்தவர் மறக்க மாட்டார்கள். கொஞ்சம் வெயிலிலிருந்து, அணையிலிருந்து, கூடங்குளம் அணு உலையிலிருந்து. ஆனால் காற்று அடங்கிய இரவில் நிலக்கரியும் எரிய வேண்டும்.

நிலக்கரி எரியும் இடங்களில் ஒன்று எண்ணூர் பக்கத்து அத்திப்பட்டு. அங்கே அனல் மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து மீன்வளம் கெட்டது என்று மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டுப் போராடி வந்திருக்கிறார்கள். அந்தக் கழிமுகத்தில் இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பூந்தமல்லிப் பெண்ணின் பஸ்சிலிருந்து போன புகை, இந்தப் பெண்களின் காலடியில் சாம்பலாகக் கிடக்கலாம். இலவச டிக்கெட் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. மின்சாரத்துக்கு நிலக்கரி எவ்வளவு, காற்று எவ்வளவு என்பதும் பெண்கள் கேட்க வேண்டிய கணக்கு என்பதே அர்த்தம். அந்தக் கேள்வியை வைத்து இதுவரை யாரும் ஓட்டுக் கேட்டதில்லை.

இளஞ்சிவப்பு முகம்

2022 ஆகஸ்டில் சென்னையில் ஒரு காரியம் செய்தார்கள். இலவசம் உள்ள சாதாரண பஸ்களின் முகத்துக்கு இளஞ்சிவப்பு வர்ணம் அடித்தார்கள். எது தங்கள் பஸ் என்று பெண்கள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக. எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டியும் நிறத்தைப் படித்துவிடலாம் அல்லவா?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் காலை நேரம். தூரத்தில் ஒரு பஸ் வருகிறது. சத்தமில்லை, புகையில்லை, ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. குளிர்சாதன பஸ். சாப்பாட்டுப் பை வைத்திருக்கும் பெண்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். சிலர் ஏறுகிறார்கள். மற்றவர்கள் அடுத்த பஸ்சின் முகத்தை எதிர்பார்த்து மறுபடி சாலையின் கோடியைப் பார்க்கிறார்கள்.