ஓடில்லாத நத்தையை மீன்கள் ஏன் தொடுவதில்லை?

இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளில் ஊர்வது ஃபிலிடியா வாரிகோசா என்னும் கடல் நத்தை. நீளம் சுமார் 10 செ.மீ. கறுத்த முதுகில் நீலச்சாம்பல் மேடுகள் வரிவரியாக ஓடும். அவற்றின் உச்சியில் மஞ்சள் மொட்டுகள். ஓடு கிடையாது, தப்பி ஓட வேகமும் கிடையாது. பட்டப்பகலில் திரிந்தாலும் மீன்கள் இதைச் சீண்டுவதில்லை. ஏன்?

நஞ்சுதான் காரணம். சீண்டினால் இதன் தோலிலிருந்து நெடியடிக்கும் சளி கசியும். அது மீனையும் இறாலையும் கொல்லும் என்று 1963-இல் பதிவானது. 1975-இல் ஹவாயில் வேதியியலாளர் பால் ஷோயரின் குழு அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. அது ஐசோசயனைடு வகைச் சேர்மம். நத்தை மேயும் கடற்பஞ்சிலும் அதுவே இருந்தது. ஆக, நஞ்சு இரவல் சரக்கு!

எப்படி எடுக்கிறது? இதற்குப் பற்கள் இல்லை. செரிமான நீரால் பஞ்சைக் கரைத்து உறிஞ்சுகிறது. நஞ்சை மட்டும் தோலில் சேர்த்துவைக்கிறது. பளிச்சென்ற நிறம், ‘தின்னாதே’ என்று மீன்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கையால் பிறருக்கும் லாபம் உண்டு. ஒருவகைக் கடல் அட்டையின் குஞ்சுகள் இதே நிறக்கோலத்தில் வளர்கின்றன. பெரிதானதும் வேடத்தைக் கலைத்துவிடுகின்றன.