திருத்தணிக்காரருக்கு ஸ்கீ எதுக்கு சார்?

சித்திரை வெயிலில் திருத்தணி மலையின் 365 படிகளையும் வெறுங்காலோடு ஏறியவருக்கு உள்ளங்காலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால், அதே கால் பனியில் நடக்கணும்னா கணக்கே வேறு!

ஆபீஸில் ஒரு வாரம் லீவு தேற்றினால் ஊட்டிக்கு ஓடியவர்கள் இப்போது குல்மார்க், ஆலி என்று கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் என்னிடம் கேட்பது, "எந்த ஸ்கீ சார் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "எப்படிப் போகப் போறீங்க?"

நம்ம மலைக்கே இரண்டு வழி உண்டே! ஆட்டோவில் ரோடு வழியாக மேலே போய், படி வழியாக இறங்குவது ஒன்று. அந்த மாதிரிதான் குல்மார்க்கில் ரோப் காரில் ஏறி, சர்ரென்று சறுக்கி வருவது. அந்த ஸ்கீயில் குதிகாலைப் பூட்டிவிடுவார்கள். படியேறியே போவது இன்னொன்று. அதுதான் க்ராஸ் கன்ட்ரி. பூட்ஸின் முனை மட்டும் பலகையில் மாட்டியிருக்கும், குதிகால் ஃப்ரீ. மேட்டில் நடக்கலாம், சமவெளியில் வழுக்கலாம். பனியே பெய்யாத குடகிலிருந்து போன பவானி தெக்கடா நஞ்சுண்டா இந்தியாவுக்காக ஓடியது இந்த ரகத்தில்தான். நாம் ஓடப்போவதில்லை, மூட்டையோடு மெல்ல ஊர் சுற்றப் போகிறோம்.

பலர் உயரத்தை வைத்து ஸ்கீ எடுக்கிறார்கள். அசல் விஷயம் எடை! பலகையின் நடுப்பகுதி வில் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒரு காலில் முழு எடையையும் போட்டு மிதித்தால் அது தரையைத் தொட்டுப் பிடிக்கணும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் எழும்பி வழுக்கணும். நான் படித்தது பி.காம். என்பதால் சொல்கிறேன், பிடிப்பு டெபிட், வழுக்கல் கிரெடிட். இரண்டும் டேலி ஆகணும்!

கடையிலேயே பார்த்துவிடலாம். சமதரையில் ஸ்கீ மேல் நின்று, பாதத்துக்கு அடியில் ஒரு பேப்பரை நுழைக்கச் சொல்லுங்கள். இரு காலிலும் நிற்கும்போது பேப்பர் நகரணும். ஒற்றைக் காலில் நின்றால் சிக்கிக்கொள்ளணும். எப்போதும் நகர்ந்தால் பலகை உங்களுக்கு விறைப்பு, மேட்டில் பின்னால் வழுக்கும். எப்போதும் சிக்கினால் தொளதொளப்பு, இழுத்துக்கொண்டு நடக்கணும். காவடியோடு ஏறுபவருக்குக் காவடியும் எடைதானே? முதுகு மூட்டையையும் மாட்டிக்கொண்டே சோதியுங்கள்.

அடுத்தது அகலம். தயார் செய்த தடத்தில் ஓடும் பந்தய ஸ்கீ சுமார் 45 மில்லிமீட்டர்தான். தடமில்லாத பனியில் அது புதையும். 60-ஐ ஒட்டியோ சற்று மேலோ இருந்தால் நல்லது. ரொம்ப நீளம் வேண்டாம், திருப்ப முடியாது. ஓரத்தில் இரும்பு விளிம்பு இருந்தால் இறுகிய பனியில் கைகொடுக்கும். அடியில் மீன் செதில் மாதிரி வெட்டுள்ள ரகமே ஆரம்பக்காரருக்குத் தோது. பனிக்குப் பனி மெழுகு மாற்றும் தலைவலி இல்லை.

பூட்ஸை முதலில் தேர்ந்தெடுங்கள். பூட்ஸும் அதை மாட்டும் பைண்டிங்கும் ஒரே வகையாக இருக்கணும். இல்லாவிட்டால் இரண்டும் அலமாரிக்குத்தான் அழகு!

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2010 பிப்ரவரியில் குல்மார்க்கில் பனிச்சரிவில் 17 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். பனியில் போரிடப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள்! பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் கிளம்புகின்றன. அந்தச் சரிவில் மட்டுமல்ல, அதன் அடிவாரத்திலும் நிற்காதீர்கள். எவ்வளவு உசத்தி ஸ்கீயும் அங்கே காப்பாற்றாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள்.

எடுத்த எடுப்பில் போனஸ் பணத்தைக் கொட்டி வாங்காதீர்கள். வாடகைக் கடைகளில் அதிகம் கிடைப்பது சறுக்கி இறங்கும் ரகம். க்ராஸ் கன்ட்ரி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் மிதித்துப் பார்த்தால் கால் தானே சொல்லும்.

உலகத்தைச் சுற்ற நம்ம முருகனுக்கே தோதான வாகனமாக ஒரு மயில் தேவைப்பட்டது. நமக்குத் தோதானது சிக்கும் வரை வாடகை மயில் போதும் சார்!