ஒரே லெச்சுமி, இரண்டு இலக்கங்கள்

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டக் காரியாலயம். கிளாக்கர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். 'லெச்சுமி'. அதற்குக் கீழே 'லெட்சுமி'. தகப்பன் பெயரும் லயமும் பிறந்த திகதியும் ஒன்றே. ஊழியர் இலக்கம் மட்டும் இரண்டு.

"ஒன்ன அழிச்சிட்டா சரி தானே, தம்பி?"

சரியில்லை. அந்த அம்மா கொழுந்து பறித்த வருடங்களும் அதோடு அழிந்துபோகலாம்.

இரட்டைப் பதிவுகள் எப்படி வருகின்றன என்று ஊகிப்பது கடினமில்லை. செக்ரோலில் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் சிங்களத்தில் பதிந்த பெயர் இன்னொன்று. கைக்காசுக்கு வேலை செய்தவரைப் பிறகு பெயர் பதியும்போதும், கலியாணம் முடித்து அடுத்த டிவிசனுக்குப் போகும்போதும் புதுப் பதிவு திறக்கப்படுகிறது. 1992இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் போனபோது நடந்த மாற்றங்களும் பழைய ஏடுகளில் கிடக்கின்றன.

இன்று காலை தவறிப் பதிந்து, சம்பளம் எதுவும் கணக்கிடாத பதிவென்றால் தாராளமாக அழிக்கலாம். ஒரு மாதச் சம்பளமாவது அதன் வழியாகப் போயிருந்தால் கதை வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சம்பளத்தில் தொழிலாளி 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் தொழில்தருநரின் இலக்கம், அங்கத்தவர் இலக்கம் என்ற இரண்டையும் வைத்தே மத்திய வங்கியில் கணக்காகிறது. தோட்டத்துக் கணினியில் பெயரை அழித்தால் கொழும்பில் இருக்கும் பணம் நகராது. அது யாருடையது என்று காட்டும் தடம்தான் போகும்.

இன்னொரு பொறியும் உண்டு. அழிக்க விடாத மென்பொருளில் பலர் அந்தப் பதிவை 'வேலையை விட்டார்' என்று மூடிவிடுகிறார்கள். ஓரேஞ்ச் எச்.ஆர்.எம். போன்ற மென்பொருளில் முன்னாள் ஊழியராக மாற்றப்பட்டவரின் பதிவை நிரந்தரமாகத் துடைக்கலாம், மீட்க வழியில்லை. பழைய பதிவை மூடிப் புதியதை வைத்துக்கொண்டால், இருபது வருடம் வேலை செய்தவர் ஆறு வருடக்காரர் ஆகிவிடுவார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட்சம்பளம் என்று கணக்குப் பார்க்கிறது. பதினான்கு வருடம் குறைந்தால் 196 நாட்சம்பளம் போச்சு.

இதை வடக்கில் இருந்து வாசிப்பவர்களுக்கும் சொல்லக் காரணம் இருக்கிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களில் தோட்டத்தில் பெயர் இருந்தவர்கள் பலர். கையில் இருந்த கடதாசிகள் 2009 வரையான இடப்பெயர்வுகளில் தொலைந்தன. அவர்களோ வாரிசுகளோ சேமலாப நிதியைக் கேட்கப் போனால் முதலில் தேவைப்படுவது அந்த அங்கத்தவர் இலக்கம். 'ஆள் இல்லை, பதிவு எதற்கு' என்று தோட்டம் துடைக்கும் வரியில் அது இருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியது இணைப்பதுதான். முதலில் வேலையில் சேர்ந்த திகதி உள்ள பதிவை வைத்துக்கொண்டு, மற்றதை 'இரட்டைப் பதிவு, இன்ன இலக்கத்தோடு சேர்க்கப்பட்டது' என்று குறித்து நிறுத்துங்கள். அந்த இலக்கத்தைப் புதிதாக வருபவருக்குக் கொடுக்க வேண்டாம். இரண்டு இலக்கத்திலும் பணம் போயிருந்தால் கணக்குகளை ஒன்றாக்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். பெயர் வேறுபாட்டைத் தொழில் திணைக்களத்தில் திருத்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேவைப்பட்டால் சத்தியக்கடதாசி வேண்டும். வேலையில் இருக்கும்போதே செய்தால் அலைச்சல் குறைவு. ஐம்பது வயதில் பெண்கள் பணம் எடுக்கப் போகும்போது ஒரு 'ட்' எழுத்துக்காக பஸ் ஏறி இறங்குவது கொடுமை.

கிளாக்கர் இரண்டு பதிவுகளின் சம்பள விபரத்தையும் அச்செடுத்தார். 'லெட்சுமி'யின் பெயரில் பதினொரு மாதக் கட்டணம் போயிருந்தது. பெரட்டுக்களத்தில் அந்த அம்மாவைக் கண்டால் அடையாள அட்டையோடு வரச் சொல்லும்படி கங்காணிக்கு போன் போட்டார்.