விருந்தோம்பலும் நாடுகளின் நல்லுறவும்

'விருந்து' என்னும் தமிழ்ச் சொல்லின் மூலப்பொருள் உணவு அன்று, புதுமை என்பதே. தொல்காப்பியர் புதிதாக யாக்கப்படும் செய்யுளையும் இச்சொல்லாலேயே குறிக்கின்றார். புதிதாய் வந்தவரே விருந்தினர். அவருக்கு இடும் உணவு பின்னரே அப்பெயரைப் பெற்றது. புதிய ஏற்பாட்டில் ரோமர் 12:13, எபிரெயர் 13:2 ஆகிய இடங்களில் வரும் 'ஃபிலோக்செனியா' என்னும் கிரேக்கச் சொல்லும் அந்நியர்பால் கொள்ளும் அன்பையே சுட்டுகிறது. ஆகவே உற்றாரை அழைத்து உண்பிப்பதோடு விருந்தோம்பல் நிறைவு பெறுவதில்லை. எளிய குடிமக்கள் பிறநாட்டாரைத் தம் இல்லங்களில் ஏற்பதால் நாடுகளிடையே நல்லெண்ணம் வளருமா, வளர வேண்டுமாயின் அதற்கு வேண்டுவன யாவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இல்லங்களின் வழியே நட்பு

இருபதாம் நூற்றாண்டில் இந்நோக்குடன் பல இயக்கங்கள் எழுந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்த நான்காம் ஆண்டில், அதாவது 1949-இல், பாப் லூயிட்வைலர் என்ற அமெரிக்கப் போர் மறுப்பாளரும் அவருடைய நண்பர்களும் டென்மார்க்கில் தொடங்கிய முயற்சியே 'செர்வாஸ்' என்னும் இயக்கமாக வளர்ந்தது. இதன் உறுப்பினர் இல்லங்களில் பயணிகள் பொதுவாக இரண்டு இரவுகள் கட்டணமின்றித் தங்குகின்றனர். இந்தியாவிலும் இவ்வியக்கம் உண்டு. பிரேசிலில் மிஷனெரியாகப் பணிபுரிந்த பிரஸ்பிட்டேரியன் குருவாகிய வெய்ன் ஸ்மித் உருவாக்கிய 'நட்புப் படை' என்னும் திட்டத்தை, 1977 மார்ச் 1 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அறிவித்தார். அவ்வாண்டிலேயே அட்லாண்டா நகர மக்களும் இங்கிலாந்திலுள்ள நியூகாஸில் நகர மக்களும் ஒருவர் ஊருக்கு மற்றவர் சென்று இல்லங்களில் தங்கினர்.

இம்முயற்சிகளின் அடிப்படை எளிதானது. ஒரு நாட்டைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம் பெரும்பாலும் அதன் அரசைப் பற்றிய எண்ணமே. அந்நாட்டார் ஒருவர் நம் அடுக்களையில் அமர்ந்து, நம் பிள்ளைகளோடு பேசி, நம் வீட்டுத் துன்பங்களையும் கண்டபின், 'அவர்கள்' என்ற சொல் ஒரு முகத்தைப் பெறுகிறது. அரசுகள் பிணங்கும் காலத்திலும் அந்த முகம் மறைவதில்லை. ஆயினும் இத்தகைய நட்பு எப்பொழுதும் இடரின்றிக் கிட்டுவதன்று. இதற்கு மதுரையே சான்று.

மதுரையில் ஒரு விருந்தினர்

ரெஜினால்டு ரெய்னால்ட்ஸ் இங்கிலாந்து நாட்டுக் குவேக்கர் இளைஞர். சபர்மதி ஆசிரமத்தில் தங்கியிருந்த அவரிடமே, உப்புச் சத்தியாக்கிரகத்திற்கு முன்னர் இர்வின் பிரபுவுக்குத் தாம் எழுதிய கடிதத்தை 1930 மார்ச்சில் காந்தியடிகள் கொடுத்தனுப்பினார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அக்கடிதத்தைச் சுமந்து சென்றதே, போராட்டம் ஆங்கிலேய மக்களுக்கு எதிரானதன்று என்பதற்கு அடையாளமாயிற்று.

அதே ஆண்டில் ரெய்னால்ட்ஸுக்கு மதுரையில் தம் இல்லத்தில் இடமளித்தவர் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த இளம் மிஷனெரியாகிய அருட்திரு ரால்ஃப் ரிச்சர்டு கெய்தான். பிரிட்டிஷார் அல்லாத மிஷனெரிகள் அரசியலில் ஈடுபடுவதில்லை என்ற உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டிருந்த காலம் அது. காந்தியடிகளின் நண்பருக்கு உணவும் உறையுளும் அளித்ததை அரசு குற்றமாகக் கருதியது. அதன் நெருக்குதலால் கெய்தான் இந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர்த் திரும்பி வந்தார். 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப்பின் மறுபடியும் வந்து காந்திகிராமத்தோடு இணைந்து மதுரைச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் பணியாற்றினார்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. கெய்தான் மேடையேறி அரசை எதிர்த்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் அல்லர். வீட்டுக் கதவைத் திறந்ததற்காகவே அவர் இழப்பை ஏற்றார். தாமே இந்நாட்டில் விருந்தினராயிருந்தும் மற்றோர் அந்நியருக்கு விருந்தளித்தார். இதனால் தமிழ்மக்கள் அவரை அயலாராக எண்ணாது தம்முள் ஒருவராகவே ஏற்றனர்.

உண்மையைக் காட்டும் விருந்து

1959 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் அவருடைய துணைவியாரும் இந்தியாவில் பயணம் செய்தனர். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்திற்கும் வந்தனர். இப்பயணத்தில் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கிங் 1965-இல் ஆற்றிய அருளுரையில் நினைவுகூர்ந்தார். தீண்டப்படாதார் எனப்பட்டோரின் பிள்ளைகள் பயின்ற பள்ளியொன்றில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் என அறிமுகப்படுத்தினார். முதலில் கிங் திடுக்கிட்டார். சிறிது சினமும் கொண்டார். பின்னர்த் தம் இன மக்களின் நிலையை எண்ணி, அச்சொல் உண்மையென ஒப்புக்கொண்டார். விருந்தளித்தவர்கள் தம் நாட்டின் புண்ணை மறைக்கவில்லை. ஆதலால் விருந்தினரும் தம் நாட்டின் புண்ணைத் தெளிவாய்க் கண்டார்.

திருச்சபையின் முன்னுள்ள வினா

நம் சபைகள் வெளிநாட்டு விருந்தினரை மாலையிட்டு வரவேற்பதில் குறைவைப்பதில்லை. ஆனால் முன்கூடத்தில் நாற்காலியிட்டு அவரை அமர்த்தும் அதே இல்லத்தில், அடுத்த தெருவில் வாழும் தலித் சகோதரர் திண்ணையோடு நிற்பாராயின், அங்கு ஓம்பப்படுவது விருந்து அன்று, பெருமையே. தொலைவிலிருந்து வரும் அந்நியர் சில நாட்களில் பிரிந்து விடுவார். அருகிலுள்ள அந்நியரோ நாளையும் வருவார். ஆதலால் பின்னவரை ஏற்பதே கடினம்.

எனவே ஆயர்கள் இத்தகைய வருகைகளை ஒழுங்கு செய்கையில் மூன்றைக் கருதுதல் நன்று. விருந்தினரை வசதியுள்ள இல்லங்களில் மட்டுமன்றி, விரும்பி ஏற்கும் எளிய இல்லங்களிலும் தங்கச் செய்தல்; நிதியுதவி பற்றிய எதிர்பார்ப்பை விருந்தோடு கலவாதிருத்தல்; சேரிக்கும் அக்கிரகாரத்திற்கும் இடையிலுள்ள தொலைவை அவர் கண்ணுக்கு மறைக்காதிருத்தல். வெளிநாட்டாரைத் தங்கவைப்போர் அரசுக்குத் தரவேண்டிய தகவலை உரிய காலத்தில் தருவதும் கடமையே.

நாடுகளின் நல்லுறவு ஒப்பந்தங்களால் மட்டும் நிலைப்பதில்லை. ஒரே பந்தியில் உண்டவர்களின் நினைவாலும் அது நிலைபெறுகிறது. அப்பந்தியில் நம் ஊரார் யாவருக்கும் இடமுண்டா என்பதை, தொலைவிலிருந்து வருபவர் வாசலை அடையுமுன் நாம் தீர்மானித்தாக வேண்டும்.