வாடகை வீட்டில் 'வேப்' இழுக்கலாமா? அட்வான்சுக்கே வேட்டு வைக்கும் 'ஆவி' விவகாரம்!

சென்னை: "வீட்டுக்குள்ள சிகரெட் பிடிக்கக் கூடாது தம்பி. சம்மதம்னா அட்வான்ஸ் கொடுங்க!" சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் பேச்சிலர்கள் அடிக்கடி கேட்கும் கண்டிஷன் இது. தலையாட்டிவிட்டு குடியேறும் இளைஞர்களில் சிலர், இப்போது பேனா சைஸில் இருக்கும் 'வேப்' எனப்படும் இ-சிகரெட்டை பாக்கெட்டில் வைத்திருக்கிறார்கள்.

"இதுல நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல, புகையும் இல்ல. வெறும் ஆவிதானே சார்!" என்பது அவர்கள் வாதம். "வாயிலருந்து வெள்ளையா வந்தா அது புகைதான்!" என்பது வீட்டு ஓனர்களின் பதில். இதில் யார் பக்கம் நியாயம்? சட்டம் என்ன சொல்கிறது? வீட்டைக் காலி பண்ணும்போது அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வருமா?

ஆவியா, புகையா?

வேப் கருவிக்குள் ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம் இருக்கும். உறிஞ்சும்போது கம்பிச்சுருள் சூடாகி திரவத்தை நுண்துளிகளாக மாற்றுகிறது. இட்லிப் பானையில் இருந்து வரும் நீராவி போல் இது சுத்தமானது அல்ல.

அந்தத் திரவத்தில் இருப்பது புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைப் பொருட்கள். பெரும்பாலானவற்றில் நிக்கோட்டினும் உண்டு. சூடாகும்போது பார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருட்கள் உருவாகின்றன. கம்பிச்சுருளில் இருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் கலந்து வருவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

சிகரெட்டை விட நாற்றம் சீக்கிரம் கலைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நுண்துளிகள் மாயமாகிவிடுவதில்லை. ஜன்னல் கண்ணாடி, சுவர், பேன் இறக்கை, ஏ.சி. பில்டர், மெத்தை என எங்கு பட்டாலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதில் தூசி வந்து உட்காரும். காற்றோட்டம் இல்லாத ஒற்றை ரூமில் மாதக்கணக்கில் இழுத்தால், காலி பண்ணும் நாளில் கண்ணாடியைத் துடைத்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்!

தடை வந்தது எப்போது?

இ-சிகரெட்டுக்கு தமிழக அரசு 2018 செப்டம்பரிலேயே தடை போட்டது. அடுத்த ஆண்டு, 2019 செப்டம்பர் 18-ந்தேதி மத்திய அரசு அவசர சட்டம் கொண்டு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமானது.

இதன்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, எடுத்துச் செல்வது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். நிக்கோட்டின் இல்லாத வேப்புக்கும் இது பொருந்தும். முதல் தடவை சிக்கினால் 1 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.5 லட்சம் வரை அபராதம்.

தன் வீட்டுக்குள் இழுப்பவருக்கு என்று தனியாக ஒரு தண்டனை இந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. 'அப்போ தப்பில்லையே' என்று குஷியாகி விடக் கூடாது. விற்பதே குற்றம் எனும்போது, கையில் உள்ள சரக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கட்டாயம் எழும்.

ஓனருக்கும் உண்டு ஆப்பு!

பல வீட்டு ஓனர்களுக்குத் தெரியாத விஷயம் இது. இ-சிகரெட் சரக்கை பதுக்கி வைக்க தெரிந்தே இடம் கொடுத்தால், இடத்தின் உரிமையாளரும் மாட்டுவார், அங்கே குடியிருப்பவரும் மாட்டுவார். முதல் தடவைக்கே 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.50 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஒருவர் தனக்கு ஒன்று வைத்திருப்பது வேறு. ரூமில் பெட்டி பெட்டியாக அடுக்கி நண்பர்களுக்கு சப்ளை செய்வது வேறு. இரண்டாவது ரகத்தைப் பார்த்தும் பாராமல் இருக்கும் ஓனர், "எனக்கு வாடகை வந்தா போதும்" என்று சொல்லித் தப்ப முடியாது.

அக்ரிமெண்டில் என்ன இருக்கு?

பொது இடத்தில் புகைபிடித்தால் ரூ.200 வரை அபராதம் விதிக்கும் 2003-ம் ஆண்டு புகையிலைச் சட்டம், வீட்டுக்குள் வராது. எனவே வாடகை வீட்டைப் பொறுத்தவரை அக்ரிமெண்ட்தான் முக்கியம்.

'புகைபிடிக்கக் கூடாது' என்று மட்டும் எழுதியிருந்தால், வேப் அதில் அடங்குமா என்று இரண்டு தரப்பும் மல்லுக்கு நிற்க இடம் இருக்கிறது. 'சிகரெட், பீடி, இ-சிகரெட் உள்பட எதுவும் கூடாது' என்று எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. கையெழுத்து போட்டவர் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

வார்த்தை தெளிவாக இல்லை என்றாலும் ஓனரிடம் வேறு அஸ்திரம் உண்டு. தமிழகத்தில் 2019 பிப்ரவரி 22-ந்தேதி முதல் புதிய வாடகைச் சட்டம் அமலில் உள்ளது. வீட்டுக்கு சேதம் விளைவிப்பது, மற்றவர்களுக்குத் தொல்லை தருவது, சட்ட விரோத காரியத்துக்குப் பயன்படுத்துவது ஆகியவை அதில் 'தவறான பயன்பாடு'. ஓனர் நோட்டீஸ் கொடுத்தும் நிறுத்தாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யச் சொல்லி மனு போடலாம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதலில் நோட்டீஸ், அப்புறம்தான் கோர்ட். "இப்பவே பெட்டியைக் கட்டு" என்று ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ள முடியாது. தண்ணீர், கரண்ட் கட் பண்ணவும் கூடாது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். திடீரென கதவைத் திறந்து உள்ளே வந்து மோப்பம் பிடிக்கவும் ஓனருக்கு உரிமை இல்லை. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தகவல் சொல்ல வேண்டும்.

அட்வான்ஸ் கணக்கு

மாதம் ரூ.8 ஆயிரம் வாடகை வீட்டுக்கு, சென்னையின் பழைய வழக்கப்படி 10 மாத அட்வான்ஸ் என்றால் ரூ.80 ஆயிரம்! நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ கொடுத்த பணம் அது.

வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். காலி செய்த 1 மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும்.

இந்த 'கழித்துக்கொண்டு' என்ற இடத்தில்தான் சண்டையே வெடிக்கிறது. சாதாரணமாகக் குடியிருந்ததால் சுவர் மங்கினால் அது தேய்மானம். அதற்குக் குடியிருந்தவரைப் பிடிக்க முடியாது. ஆனால் வேப் பிசுக்கு படிந்து ஏ.சி.யை சர்வீஸ் செய்ய வேண்டும், கண்ணாடி, சுவரை எல்லாம் கழுவி பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால், அது தேய்மானம் அல்ல, சேதம் என்று ஓனர் பில்லை நீட்டலாம். அதே சமயம் பில்லே இல்லாமல் "வேப் இழுத்தே, அதனால 30 ஆயிரம் கட்" என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

குழந்தை இருக்கும் வீடா? உஷார்!

ஒட்டினாற்போல் இருக்கும் ஸ்டோர் வீடுகளில் ஒரு போர்ஷனில் விடும் ஆவி, ஜன்னல் வழியாக அடுத்த போர்ஷனுக்குப் போகும். கைக்குழந்தை, ஆஸ்துமா நோயாளி, கர்ப்பிணி இருந்தால் அவஸ்தைதான்.

அதைவிட ஆபத்து அந்தத் திரவம். மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி வாசனையில் இருப்பதால் குழந்தைகள் ஜூஸ் என்று நினைத்து வாயில் ஊற்றிக்கொள்ளக்கூடும். நிக்கோட்டின் கலந்த திரவம் கொஞ்சம் உள்ளே போனாலும் வாந்தி, வலிப்பு, உயிருக்கே ஆபத்து. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டால் லித்தியம் பேட்டரி வெடித்து தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

என்ன செய்யலாம்?

* குடியேறும் முன்பே அக்ரிமெண்டை முழுசாகப் படியுங்கள். வேப் பற்றி ஒன்றும் இல்லை என்றால் வாய்விட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

* சாவி வாங்கும் அன்றே சுவர், ஜன்னல், ஏ.சி. எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள். காலி பண்ணும்போதும் எடுங்கள்.

* அட்வான்ஸ் பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். கையில் கொடுத்தால் ரசீது கட்டாயம்.

* ஓனர்கள், 'இ-சிகரெட்டும் கூடாது' என்று அக்ரிமெண்டில் ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதி சண்டை குறையும்.

* சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புபவர்கள் வேப்பை இங்கேயே கைகழுவிவிட்டுப் போவது நல்லது. அங்கே 2018 முதல் வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம்!

* "விடணும்னு நினைக்கிறேன், முடியல" என்பவர்கள், மத்திய அரசின் புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800 11 2356-க்கு போன் செய்யலாம். கட்டணம் கிடையாது. ரூ.80 ஆயிரம் அட்வான்சோடு உடம்பும் தப்பிக்கும்!